லத்திக்கும் கணக்கு உண்டு!

ஏரல் என்றதும் தென்பாண்டிச் சீமையில் எவருக்கும் நினைவுக்கு வருவது சேர்மன் சாமி கோவில். தாமிரவருணிக் கரையிலே, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அங்கே கூடும் கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கோவிலில் சாமியாக இருப்பவர் புராணத்திலிருந்து வந்தவரல்லர். 1906-இல் ஏரல் ஊரின் சேர்மனாகப் பொறுப்பேற்று, 1908 ஆடி அமாவாசையன்று இளவயதிலேயே மறைந்த அருணாசலம் என்ற மனிதர். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு சிற்றூரின் சேர்மன் பதவி பெரிய பதவியன்று. ஆனாலும் அந்தச் சின்னஞ்சிறு பதவியில் இருந்துகொண்டு ஊருக்கு நேர்மையாக நடந்தார் என்பதே அவரைப் பற்றி ஊரில் வழங்கும் பேச்சு.

பக்தி அவரவர் விருப்பம். அதைப் பற்றி இங்கே வழக்கு இல்லை. நாம் எண்ணிப் பார்ப்பது வேறு. அதிகாரத்தில் இருந்த ஒருவர் நேர்மையாக இருந்தார் என்பது நூறாண்டு கடந்தும் அதிசயமாகப் பேசப்படுகிறது என்றால், அதிகாரத்தில் இருந்த மற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமோ? மழை தவறாமல் பெய்யும் ஊரில் மழைக்குப் படையல் போடுவார் இல்லை. நீதி நாள்தோறும் கிடைக்கும் ஊரில் நீதிமானைக் கும்பிட வேண்டிய தேவை எழுவதில்லை.

அந்த ஏரலில் இன்றைக்குப் பேரூராட்சி உண்டு. போலீஸ் நிலையமும் உண்டு. பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரியில் மக்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, குடிதண்ணீர் வரவில்லையா? உறுப்பினரின் வாசலில் போய் நின்று கேட்கலாம். ஆனால், "நேற்றிரவு எங்கள் தெருப் பையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களே, எதற்காக? அவன் உடம்பில் காயம் எப்படி வந்தது?" என்று பேரூராட்சிக் கூட்டத்தில் கேட்டு, போலீஸ் நிலையத்தைப் பதில் சொல்ல வைக்க முடியுமா? முடியாது! சாக்கடைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை தந்த சட்டம், லத்திக்குக் கணக்குக் கேட்கும் உரிமையைத் தரவில்லை.

சட்டம் கட்டிய சுவர்

1992-இல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த 73-ஆவது, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களை உள்ளாட்சியின் உரிமைச் சாசனம் என்றார்கள். ஊராட்சிகளுக்கு 29 இனங்கள், நகராட்சிகளுக்கு 18 இனங்கள் என்று பட்டியல் போட்டார்கள். மீன் வளர்ப்பு அதில் உண்டு, சுடுகாடு உண்டு, சந்தை உண்டு. போலீஸ் மட்டும் இல்லை. போலீஸ் மாநில சர்க்காரின் சொத்து, மந்திரியிடமிருந்து டி.ஜி.பி., டி.ஜி.பி.யிடமிருந்து எஸ்.பி., எஸ்.பி.யிடமிருந்து இன்ஸ்பெக்டர் என்று அதிகாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. கீழே இருக்கும் மக்களிடமிருந்து மேலே ஏறிப் போகும் படி ஒன்றுகூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவைப் பாருங்கள். ஊரே கூடித் தேர்ந்தெடுத்த கிராம ஊராட்சித் தலைவரை, தவறு செய்தார் என்று கண்டால், விளக்கம் கேட்டு, ஊராட்சியின் கருத்தையும் கேட்டு, கலெக்டர் பதவியிலிருந்து நீக்கிவிடலாம். ஊர் அனுப்பியவர் சர்க்கார் அதிகாரிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். சர்க்கார் அனுப்பியவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை! ஜனநாயகத்தில் எஜமான் யார், சேவகன் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்ன சொல்லும்? சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது? இரண்டும் வேறு வேறாக இருக்கின்றனவே!

சாத்தான்குளம் சொன்ன பாடம்

கணக்குக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தூத்துக்குடி மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை.

2020 ஜூன் 19. ஊரடங்குக் காலம். ஏரல் இருக்கும் இதே மாவட்டத்தில் சாத்தான்குளம் கடைவீதியில் செல்போன் கடை நடத்திய பென்னிக்ஸ், அவருடைய தந்தை ஜெயராஜ் ஆகிய இருவரும் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்டார்கள். கடையை நேரம் கடந்து திறந்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கடை திறந்ததற்கு என்ன தண்டனை? அபராதம் இருக்கலாம், எச்சரிக்கை இருக்கலாம். இவர்களுக்குக் கிடைத்ததோ மரணம்! கோவில்பட்டிச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரில், ஜூன் 22 இரவு மகன் இறந்தார். மறுநாள் விடியற்காலையில் தந்தை இறந்தார். அந்த இரவு முழுவதும் நிலையத்துக்குள் இருவரையும் அடித்தார்கள் என்று சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் கூறியது.

உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து அந்த வழக்கைக் கையில் எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கே அந்த நிலையத்தில் மரியாதை இல்லை. காமிராப் பதிவு நாள்தோறும் தானாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. சாட்சியம் அழிந்து போகாமல் இருக்க, போலீஸ் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. காவல் நிலையத்துக்கே காவல் போட வேண்டிய காலம்! ஒரு பெண் தலைமைக் காவலர், தான் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னார். அந்தத் துணிவு மட்டும் இல்லாதிருந்தால், அந்தச் சுவர்களுக்குள் நடந்தது சுவர்களுக்குள்ளேயே புதைந்திருக்கும்.

பத்துப் பேர் கைதானார்கள்; ஒருவர் கொரோனாவில் இறந்தார்; மற்ற ஒன்பது பேர் மீதும் மதுரை நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2025 ஜூனில், சம்பவம் நடந்து ஐந்து ஆண்டுகள் நிறைந்த நாளிலும், அந்த விசாரணை முடியவில்லை. அதே மாதத்தின் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், கோவில் காவலாளியாக வேலை பார்த்த இளைஞர் அஜித்குமார், நகை காணவில்லை என்ற புகாரின் பேரில் போலீசாரால் விசாரிக்கப்பட்டபோது உயிரிழந்தார். 2020-இல் ஆண்ட கட்சி வேறு. 2025-இல் ஆண்ட கட்சி வேறு. கோட்டையில் ஆள் மாறியது. நிலையத்தின் பின்னறையில் எதுவும் மாறவில்லை!

தேர்தல் வைத்தால் தீருமா?

"அப்படியானால் இன்ஸ்பெக்டரையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. ஆத்திரத்தில் பிறந்த கேள்வியானாலும் நியாயமான கேள்வி. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில் அந்த ஏற்பாடு இருக்கிறது. அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டிகள் உண்டு. நம் ஊர்க் கணக்கில் மாவட்டம் போல. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஷெரீப் என்ற போலீஸ் தலைவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். விளைவு என்ன? அரிசோனா மாநிலத்தின் மரிகோபா கவுண்டியில் ஜோ அர்பாயோ என்பவர் 1993 முதல் 24 ஆண்டுகள் ஷெரீப்பாக இருந்தார். தேர்தலுக்குத் தேர்தல் வெற்றி! முகத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து வழிமறிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. அதை அவர் மதிக்கவில்லை. 2016-இல்தான் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். 2017 ஜூலையில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஆகஸ்டில் ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டார்! பெரும்பான்மையின் ஓட்டை வாங்கிக்கொண்டு சிறுபான்மையின் முதுகில் லத்தியை ஓங்கினால், ஓட்டுப் பெட்டி அதைத் தடுக்கவில்லை, தட்டிக்கொடுத்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி மக்கள் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். 2022 நவம்பரில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பதவியிலிருந்த ஷெரீப்பைத் தோற்கடித்ததோடு நிற்காமல், தவறு செய்யும் ஷெரீப்பைத் தேர்தல் வரை காத்திராமல் நீக்கும் அதிகாரத்தைத் தங்கள் கவுண்டி மன்றத்துக்கு ஓட்டுப் போட்டே வழங்கினார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டு என்பது போதாது, இடையிலும் கேள்வி வேண்டும் என்பதே அதன் பொருள்.

இங்கிலாந்து கதை இன்னொரு விதம். போலீசை மேற்பார்வை செய்ய ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கமிஷனரை மக்களே தேர்ந்தெடுப்பது என்று 2012 நவம்பரில் தேர்தல் வைத்தார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்! 2025 நவம்பரில் அந்தப் பதவியையே ஒழிக்கப் போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. பெயரளவில் ஒரு தேர்தலை நட்டு வைத்தால் அது வேர் பிடிப்பதில்லை.

நம் மண்ணின் பழைய கணக்கு

வெளிநாட்டை விடுங்கள். உள்ளூர் அதிகாரம் என்பது நம் சீமைக்குப் புதிதா?

திருநெல்வேலிச் சீமையில் பழைய காலத்தில் குடிகாவல் என்று ஒரு முறை இருந்தது. ஊர் காவல்காரனுக்குக் கூலி கொடுத்தது. திருட்டுப் போனால் அவன் பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் கைப்பொறுப்பாக ஈடுகட்ட வேண்டும். கணக்குச் சொல்லும் கடமை அதில் இருந்தது. ஆனால் அந்தக் காவலும் நாளடைவில் வலுத்தவன் கைக்குப் போயிற்று. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு நடந்தது. களவு போனதைக் காட்டிக் கொடுக்கத் துப்புக்கூலி என்று தனிக் கூலி பறிக்கப்பட்டது. வேலியாக இருந்தது பயிரை மேயத் தொடங்கிற்று.

பிறகு வந்தான் வெள்ளைக்காரன். 1816-இல் சென்னை ராஜதானியில் ஒரு போலீஸ் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டான். கிராமத் தலைவர்களுக்கு அதில் தண்டிக்கும் அதிகாரம் தந்தான். சின்னக் குற்றம் செய்தவன் மேல்சாதிக்காரனானால் சில மணி நேரம் சாவடியில் அடைப்பு. 'கீழ்ச்சாதி' என்று அவர்கள் ஒதுக்கிய மக்களானால் தொழுமரத்தில் காலை மாட்டி, ஊர் பார்க்க உட்கார வைக்கலாம்! ஒரே குற்றம், சாதிக்கு ஒரு தண்டனை. சட்டப் புத்தகத்திலேயே அச்சடித்த அநியாயம். அந்தக் கிராம அதிகாரப் பதவியும் பரம்பரைப் பதவி; தகப்பனுக்குப் பிறகு மகன். 1980-இல்தான் தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரை ஒழிக்கப்பட்டது.

இதை ஏன் சொல்கிறோம்? உள்ளூர்க்காரன் கையில் கோல் இருந்தால் அது தானாகவே நீதிக்கோல் ஆகிவிடாது. ஊர் என்றால் ஒரே ஊரா? ஊருக்குள் சேரி உண்டு. தெருவுக்குத் தெரு சாதி உண்டு. நாளைக்கே இன்ஸ்பெக்டர் பதவிக்குத் தேர்தல் வைத்தால் என்ன ஆகும்? எண்ணிக்கையில் பெருத்த சாதியின் ஆள் நிற்பான். மணல் முதலாளியும் சாராய முதலாளியும் செலவு செய்வார்கள். ஜெயித்தவன் காக்கிச் சட்டையோடு அவர்கள் வாசலில் கைகட்டி நிற்பான். உப்பளத்தில் வேகும் தொழிலாளிக்கும், வாழைத்தார் சுமக்கும் கூலிக்காரனுக்கும் அதில் என்ன கிடைக்கும்? பழைய தொழுமரம் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

சட்டப்படி அமர்த்தப்படாதவர்களுக்கு அதிகாரத்தின் நிழலைக் கொடுப்பதும் ஆபத்தே. போலீசின் நண்பர்கள் என்று 1993-இல் ராமநாதபுரத்தில் ஒரு தொண்டர் திட்டம் தொடங்கப்பட்டது. சாத்தான்குளம் சம்பவத்தையொட்டி அந்தத் தொண்டர்கள் பெயரும் குற்றச்சாட்டில் அடிபட்டது. 2020 ஜூலையில் மாநில அரசே அந்த அமைப்புக்குத் தடை போட்டது. ஊர்க்காரர் என்ற முகம் இருந்தது. யாருக்குக் கணக்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்து இன்னொரு சம்பவத்தையும் மறக்கக் கூடாது. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளிக்குத் துணை நின்ற வ.உ.சிதம்பரனாரை மார்ச் 12-இல் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் பொங்கி எழ, துப்பாக்கிச் சூடு நடந்தது. அதோடு விட்டானா? தண்டப் போலீசைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கான செலவை ஊர் மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டினான். அடித்த கைக்கு அடிபட்டவனே கூலி கொடுக்க வேண்டும்! 110 ஆண்டுகள் கழித்து, 2018 மே 22-இல், அதே தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்களில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். சுட உத்தரவிட்டதாக முதல் தகவல் அறிக்கையில் ஏறிய பெயர்கள் யாருடையவை? துணை வட்டாட்சியர்களுடையவை! 2022-இல் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், 17 போலீசார் மீதும், அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. வரி கட்டிய மக்கள்தான் குண்டுக்கும் விலை கொடுத்தார்கள். அந்தக் குண்டுக்கு மக்கள் முன் கணக்குக் கொடுத்தவர் எவர்?

போலீஸ்காரரும் தொழிலாளியின் பிள்ளையே

காக்கிச் சட்டை போட்ட ஒவ்வொருவரையும் பகைவராகக் கருதும் பேச்சு நம் பேச்சல்ல. 2021 பிப்ரவரியில் இதே ஏரல் நிலையத்தின் உதவி ஆய்வாளர் பாலு, இரவுப் பணியில் இருந்தபோது வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். 2020 ஆகஸ்டில் வல்லநாடு அருகே குற்றவாளியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டுக்குப் பலியானார். 2023 ஏப்ரலில் தாமிரவருணி மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், பட்டப்பகலில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஊரைக் காக்க நின்று உயிர் கொடுத்தவர்கள் இவர்கள். இவர்களுக்கு நாம் தலை வணங்குகிறோம்.

விடிய விடிய நிற்கும் காவலருக்கு, மற்றத் தொழிலாளர்களைப் போலத் தானாகச் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மேலதிகாரி தவறான உத்தரவு போட்டால் மறுக்க அவருக்குத் துணை யார்? கணக்குக் கேட்கும் முறை ஒன்று இருந்தால், அது நேர்மையான காவலருக்குக் கேடயம். "எழுதிக் கொடுங்கள் ஐயா, நாளைக்குக் கேட்பார்கள்" என்று மேலதிகாரியிடம் சொல்லும் தைரியம் அப்போதுதான் அவருக்கு வரும்.

சிபாரிசு வேறு, கணக்கு வேறு

இனி நம்மவர்களுக்கே ஒரு வார்த்தை. கசக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும்.

போலீஸ் நிலையத்தில் மக்கள் பிரதிநிதிக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்றோம். சட்டத்துக்கு வெளியே இருக்கிறதா இல்லையா? எல்லாக் கட்சியிலும் இருக்கிறது! "நம்ம பையன், விட்டுடுங்க" என்று ஒரு போன். "அந்தப் பயலைக் கொஞ்சம் கவனியுங்க" என்று இன்னொரு போன். வட்டச் செயலாளர் பேசுகிறார். ஒன்றியச் செயலாளர் பேசுகிறார். இன்ஸ்பெக்டரை இந்த ஊருக்குக் கொண்டுவரவும் அந்த ஊருக்குத் தூக்கி அடிக்கவும் எம்.எல்.ஏ. பேசுகிறார். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பதற்கு எழுத்து உண்டா? சாட்சி உண்டா? இல்லை. இந்த இருட்டு அதிகாரம்தான் போலீசைக் கெடுத்தது, கட்சிகளையும் கெடுத்தது.

வசதி உள்ளவனுக்கு ஒரு போன் போதும். போன் செய்ய ஆள் இல்லாதவன் என்ன ஆவான்? அவன்தானே பின்னறையில் அடிபடுகிறான்! நாம் இன்றைக்கு ஒருவனை சிபாரிசில் வெளியே கொண்டுவந்தால், சிபாரிசு இல்லாத பத்துப் பேரை உள்ளேயே விட்டுவிட்டு வந்தோம் என்று பொருள். ஆகவே போலீசின் மீது மக்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்கிற நாம், அந்த அதிகாரத்தை டெலிபோனில் கேட்கக் கூடாது. பொதுச் சபையில், பகல் வெளிச்சத்தில், எழுத்தில் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியது என்ன?

ஒன்று: காமிரா. 2020 டிசம்பர் 2-இல் உச்சநீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் வாசல், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை என்று எங்கும் காமிரா வேண்டும். ஒலியும் பதிய வேண்டும். பதிவு 18 மாதம் அழியாமல் இருக்க வேண்டும் என்றது. அதை மேற்பார்வை பார்க்க மாவட்டந்தோறும் ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. அந்தக் குழுவில் யார் யார் தெரியுமா? அதிகாரிகளோடு, நகர மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவர்! மக்கள் ஓட்டுப் பெற்ற ஒருவருக்குப் போலீஸ் நிலையத்தின் உள்ளே கண் வைக்கும் உரிமையை நாட்டின் உச்சநீதிமன்றமே தந்திருக்கிறது. எத்தனை மக்கள் பிரதிநிதிகள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்? எத்தனை மன்றக் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழுந்தது?

ஊராட்சித் தலைவர் இருந்தால்தானே கேட்பதற்கு என்கிறீர்களா? அதுவும் உண்மைதான். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மக்கள் நாற்காலி காலியானால் கணக்குக் கேட்கும் ஒரே கண்ணும் மூடிப்போகிறது. உள்ளாட்சித் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்து என்ற முழக்கம், லாக்கப்பில் உயிர் போகக் கூடாது என்ற முழக்கத்தோடு பிறந்த முழக்கம்.

இரண்டு: புகார் ஆணையம். 2006 செப்டம்பர் 22-இல், பிரகாஷ் சிங் என்ற ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி தொடுத்த வழக்கில், போலீசின் மீது வரும் புகாரை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். தமிழ்நாட்டில் 2013-இல் சட்டம் செய்தார்கள். எப்படிச் செய்தார்கள்? மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர். மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர்! மாமியார் மீது மருமகள் கொடுத்த பிராதை மாமியாரின் அண்ணனே விசாரிப்பதுபோல் ஆயிற்று. நீதிபதி தலைமை வேண்டும். போலீஸ் அதிகாரி அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது. தொழிலாளர், பெண்கள், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆகியோரிலிருந்து உறுப்பினர் வேண்டும்.

மூன்று: கைதுக் கணக்கு. யாரைக் கைது செய்தார்கள் என்ற விவரத்தை வைத்திருக்க ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் அதிகாரி பொறுப்பாக இருக்க வேண்டும், விவரம் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. மாதம் ஒருமுறை அந்த நிலையத்தின் அதிகாரி பேரூராட்சி மன்றத்தின் முன்பும் கிராம சபையின் முன்பும் வந்து நின்று, எத்தனை புகார் வந்தது, எத்தனையைப் பதிவு செய்தோம், எத்தனை பேரைக் கைது செய்தோம், எத்தனை பேருக்கு மருத்துவச் சோதனை நடந்தது என்று சொல்லட்டும். வழக்கின் துப்பைச் சொல்ல வேண்டாம், கணக்கைச் சொல்லட்டும். மே 1 தொழிலாளர் தினம். அதுவே கிராம சபை கூடும் நாளும் ஆகும். இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்ற அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?

தோழர்களின் கடமை

சட்டம் திருந்தும்வரை கைகட்டி இருப்பதா? இல்லை. இருக்கிற உரிமையைப் பயன்படுத்தத் தெரிந்தவனுக்குத்தான் இல்லாத உரிமையைக் கேட்கும் தகுதி வரும்.

நம் தெருவில் எவரைக் கைது செய்தாலும், அவர் நம் கட்சியாக இருந்தாலும் மாற்றுக் கட்சியாக இருந்தாலும், ஒரு தோழர் உடனே நிலையத்துக்குப் போக வேண்டும். சண்டைக்கு அல்ல, சாட்சிக்கு. கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது 1996-இலேயே உச்சநீதிமன்றம் வகுத்த விதி. கைதானவரின் உறவினருக்குத் தகவல் தர வேண்டும். மருத்துவச் சோதனை வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது உடம்பில் காயம் இருந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். இந்தச் செய்திகளைப் படிப்பகச் சுவரிலே எழுதி வையுங்கள்; உப்பளத்துக்குப் போகும் பெண்களுக்கும், சந்தையில் மூட்டை தூக்கும் இளைஞர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பலன் கிடைக்குமா என்று சோர்ந்து பேசாதீர்கள். 1855-இல் சென்னை ராஜதானியில் வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் நடந்த சித்திரவதையை விசாரிக்க ஒரு கமிஷன் உட்கார்ந்தது. அதன் அறிக்கையை எடுத்துக் காட்டி 1857-இல் நியூயார்க் பத்திரிகையொன்றில் காரல் மார்க்ஸ் எழுதினார். ஏழைக் குடியானவனின் முதுகுக் காயம் கடல் தாண்டிப் பேசியது. 1859-இல் சென்னை போலீசுக்கே புதிய சட்டம் வந்தது. நம் காலத்தில் வாச்சாத்தியைப் பாருங்கள்! 1992-இல் அந்த மலையடிவார மக்கள் மீது வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் கூட்டாகப் பாய்ந்தன. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் தோழர்களும் விடாமல் போராடினார்கள். 2011 செப்டம்பர் 29-இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட, உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டு ஆயிற்று என்பது சட்டத்தின் வெட்கம். பத்தொன்பது ஆண்டும் விடவில்லை என்பது மக்களின் பெருமை.

ஏரலுக்கு அருகேதான் கொற்கை. பாண்டியனின் முத்துத் துறைமுகம். சிலப்பதிகாரக் கதை எல்லோருக்கும் தெரியும். பொற்கொல்லன் ஒருவன் பொய் சொன்னான். காவலர் விசாரிக்காமல் கோவலனை வெட்டினார்கள். கண்ணகி அரசவை ஏறிக் கணக்குக் கேட்டாள். மன்னன் தன் தவற்றை ஒப்பி உயிர் விட்டான். அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், ஒருவன் செய்த குற்றத்துக்காகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்தான் என்கிறது காவியம். உழைத்துப் பிழைத்த ஆயிரம் பேர்! கண்ணகி கேட்டது கணக்கு. செழியன் கொடுத்தது பழி. கணக்குக்கும் பழிக்கும் உள்ள வேறுபாடு தெரியாத ஆட்சி, அன்றும் ஏழையைத்தான் வெட்டியது. இன்றும் ஏழையைத்தான் அடிக்கும்.

நாம் பழி கேட்கவில்லை. கணக்குக் கேட்கிறோம். மக்கள் பணத்தில் வாங்கிய லத்தி, மக்கள் தந்த அதிகாரத்தில் ஓங்கிய லத்தி, எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்று மக்கள் மன்றத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லும் நாள் வரும்வரை ஏரலில் கேட்போம், சாத்தான்குளத்தில் கேட்போம், தமிழ்நாட்டின் ஒவ்வொரு கிராம சபையிலும் கேட்போம். கேட்கும் மக்கள் இருக்கும் ஊரில் அடிக்கும் கை தயங்கும்!